இரண்டாம் மைல்



அன்றாட வாழ்வில் நம்மை எரிச்சலுறச் செய்யும் சிறு சிறு வேளைகளில் கிறிஸ்தவத் தாழ்மையும் தயவும் எங்ஙனம் பயன்படும் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றனர். இப்பொருளைக் கேட்டதும் என்னிடம் பயின்ற பழைய மாணவர் சிலர் வாய்விட்டுச் சிரித்திருப்பர் என்பதில் எனக்கு ஐயமில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவன் நான். தாழ்மைக்கோ தயவுக்கோ நான் பெயர் பெற்றவன் அல்லேன். என் குரலுக்குத்தான் பெயர் பெற்றிருந்தேன். மைதானத்தின் ஒரு கோடியில் நின்று நான் அழைத்தால் மறுகோடியில் பம்பரம் விடும் பையன் பம்பரத்தைக் கால்சட்டைப் பையில் மறைப்பான். ஆதலின் இன்று நான் சொல்லப் போவதைக் கைவந்த கலையைக் கற்பிக்கும் ஆசிரியனின் சொல்லாகக் கொள்ள வேண்டா. பாடத்தில் இன்னும் தேறாத மாணவன் ஒருவன் தன் குறிப்பேட்டைப் படித்துக் காட்டுகிறான் என்று கொள்வீர்களாக.

தென்காசிக்கு வடக்கே, அனுமன் நதியின் நீரால் நெல் விளையும் அச்சன்புதூர் என் ஊர். மேற்கே மலை, ஆனியும் ஆடியும் வந்தால் மலையிலிருந்து சாரல். பத்து நிமிடம் வெயில், ஐந்து நிமிடம் தூறல் என்று நாள் முழுவதும் மாறி மாறி வரும் அந்தப் பருவம் குற்றாலத்துக்கு வரும் வெளியூராருக்கு இன்பம். கொடியில் துணி உலர்த்தும் உள்ளூராருக்கு அது வேறு கதை. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு, பின்னர் வருகிறேன்.

எரிச்சல் என்று எதைச் சொல்கிறோம்? பெருந்துன்பத்தை அன்று. பெருந்துன்பம் வரும்போது மனிதன் தன்னைத் திரட்டிக் கொள்கிறான். உற்றாரும் வந்து நிற்கின்றனர். மனிதனைச் சிறுமைப்படுத்துவது சிறியதே. தென்காசிப் பேருந்து நிலையத்தில் முக்கால் மணி நேரம் காத்து நின்ற பின் வரும் வண்டியில், சில்லறை இல்லை என்று நடத்துனர் முகம் சுளிப்பது. பக்கத்து இருக்கை இளைஞர் தம் கைப்பேசியின் பாட்டை வண்டி முழுவதற்கும் வழங்குவது. குற்றாலத்துப் பேரருவியில் வரிசையாய் நிற்கும்போது ஒருவர் முழங்கையால் இடம் பிடிப்பது. நியாய விலைக் கடையில் நம் முறை வரும்போது இயந்திரம் கைரேகையை ஏற்க மறுப்பது. இவற்றுள் ஒன்றேனும் நாளைக்கு நினைவிருக்காது. ஆயினும் அந்த ஒரு கணத்தில் நம் வாயிலிருந்து புறப்படும் சொல் நம்மை நமக்கே அடையாளம் காட்டி விடுகிறது.

சொற்களிலிருந்து தொடங்குவது ஆசிரியர் வழக்கம். தமிழ்க் கிறிஸ்தவர் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ‘மனத்தாழ்மை’, ‘நீடிய பொறுமை’, ‘தயவு’ என்னும் மூன்று இன்றைய பொருளுக்கு வேண்டியவை. புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்டது கிரேக்க மொழியில். தாழ்மைக்குரிய கிரேக்கச் சொல் அக்கால உலகில் ஒரு வசைச்சொல் போன்றது. தாழ்ந்தவன் என்றால் அடிமை, இழிந்தவன், முதுகெலும்பற்றவன் என்பதே பொருள். கிரேக்க அறிஞர் தொகுத்த நற்பண்புகளின் வரிசையில் அதற்கு இடம் இருக்கவில்லை. அந்த வசைச்சொல்லை எடுத்து நற்பண்பின் பெயராக்கியது தொடக்க காலத் திருச்சபை. நம் தமிழின் நிலை வேறு. திருக்குறளில் அடக்கமுடைமையும் பொறையுடைமையும் வெகுளாமையும் தனித்தனி அதிகாரங்களாய் நிற்கின்றன. ஆகவே தாழ்மையைப் போற்றுவது நம்மவர்க்குப் புதுச்செய்தி அன்று. கடைப்பிடிப்பதுதான் ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக இருக்கிறது.

நீடிய பொறுமை என்பதன் மூலச்சொல்லைப் பிரித்தால், ‘நெடிது’ என்பதும் ‘சினம்’ என்பதும் சேர்ந்தது என்று தெரியும். அதாவது, சினம் நெடுந்தொலைவு நடந்துதான் வந்து சேர வேண்டும். சினமே இல்லாதவன் என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இது எனக்குப் பெரும் ஆறுதல்.

தயவு என்று நாம் மொழிபெயர்த்துள்ள சொல்லின் உறவு இன்னும் சுவையானது. அதே சொல்லின் உரிச்சொல்தான் நாட்பட்ட திராட்சை இரசத்தின் இனிமையைக் குறிக்க லூக்கா எழுதிய நற்செய்தியில் வருகிறது. இயேசு பெருமான் தமது நுகத்தைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் அதுவே வருகிறது. தமிழ் வேதாகமம் அதனை ‘மெதுவாய்’ என்று மொழிபெயர்த்தது. ஏர் பூட்டி உழுத எங்கள் பக்கத்து முதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நுகத்தடி மாட்டின் கழுத்துக்கு ஏற்பச் செதுக்கப்பட வேண்டும். முரடாய் விட்டால் நான்கு நாளில் கழுத்தில் புண் விழும். இன்று உழுவது டிராக்டர். எனினும் உவமை பழுதாகவில்லை. ஒருவரோடு ஒருவர் பிணைக்கப்பட்டு வாழ்கிறோம். இந்தப் பிணைப்பு அடுத்தவர் கழுத்தில் உறுத்தாதபடி நம் பக்கத்து முரடைச் செதுக்கிக் கொள்வது தயவு. வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இனி நம் தலைப்புக்கு வருவோம். மலைப்பிரசங்கத்தில், ஒரு மைல் தூரம் வரும்படி உன்னை ஒருவன் கட்டாயப்படுத்தினால் அவனோடு இரண்டு மைல் போ என்னும் கருத்துடைய ஓர் அறிவுரை வருகிறது. பலரும் இதனைப் பொதுவான தாராள குணத்துக்கு எடுத்துக் காட்டுகின்றனர். உண்மையில் அது மிகக் கசப்பான ஒரு நடைமுறையை எண்ணிச் சொல்லப்பட்டது. யூதேயா நாடு உரோமர் ஆட்சியில் இருந்தது. வழியில் போகும் குடியானவனை நிறுத்திச் சுமையைத் தலையில் ஏற்றிச் சுமக்கச் செய்ய உரோமப் படைவீரனால் இயலும். அங்கே ‘கட்டாயப்படுத்து’ என்பதற்கு வழங்கும் கிரேக்கச் சொல், பாரசீக அரசின் அஞ்சல் ஏற்பாட்டிலிருந்து வந்தது. அரசுப் பணிக்கென ஆளையும் மாட்டையும் பிடிப்பதைக் குறிக்கும். சிரேனே ஊர்ச் சீமோனைச் சிலுவை சுமக்கப் பிடித்தார்கள் என்னும் இடத்திலும் இதே சொல்தான். உரோம மைல் என்பது ஆயிரம் இரட்டை அடி. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். வயலுக்குப் போகிறவனுக்கு அந்த ஒன்றரைக் கிலோமீட்டரும் திரும்பி வரும் ஒன்றரைக் கிலோமீட்டரும் எத்தகைய எரிச்சலாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பெயர் இருந்தது. செங்கோட்டைப் பகுதி முதலில் திருவிதாங்கூரையும், பின் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது. பின்பே தமிழகத்தோடு இணைந்தது. பழைய திருவிதாங்கூரில் அரசுக்கும் அதிகாரிகளுக்கும் எளிய குடிகள் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலைக்கு ‘ஊழியம்’ என்பது பெயர். சுமை தூக்கவும் பொருள் கொண்டு சேர்க்கவும் ஊழியக்காரர் பிடிக்கப்பட்டனர். மறுத்தால் அடி. இன்று அந்தச் சொல் எங்கே இருக்கிறது பாருங்கள். தமிழ்க் கிறிஸ்தவர் வழக்கில் ஊழியம் என்றால் இறைபணி. ஊழியர் என்றால் மனமுவந்து தொண்டு செய்பவர். ‘தம்பி ஊழியத்துக்குப் போயிருக்கிறான்’ என்று தாய்மார் பெருமையோடு சொல்கின்றனர். ஊழியம் என்னும் சொல் தொண்டு என்ற பொருளில் முன்னரே தமிழில் உண்டு. இரு பொருளும் ஒரே காலத்தில் வழங்கின. அடித்து வாங்கிய வேலைக்கும் அன்பினால் ஈந்த வேலைக்கும் ஒரே பெயர் நின்றது என்பதுதான் எனக்கு வியப்பு. வேலை அதுவே, சுமையும் அதுவே. வேறுபடுவது எவருடைய விருப்பால் நடைபெறுகிறது என்பதே. முதல் மைல் படைவீரனுடையது. இரண்டாம் மைலில் அவன் விருப்பம் ஏதும் இல்லை. அது சுமப்பவனுக்கே உரியது. அங்கே அவன் அடிமை அல்லன்.

இங்கே ஒரு தடையை எழுப்பலாம். ‘தாழ்மை என்று சொல்லிச் சொல்லித்தானே எளியவரைக் குனிய வைத்தார்கள்?’ என்று என் வகுப்பிலேயே ஒரு மாணவி எழுந்து கேட்டாள். நியாயமான கேள்வி. குனியத் தேவையில்லாதவர், எப்போதும் குனிந்தே இருப்பவருக்குத் தாழ்மையைப் போதிப்பது மிக எளிது. அம்மாணவிக்கு அன்று நான் சொன்ன விடையையே இங்கும் சொல்கிறேன். வேதநாயகம் சாமுவேல் அசரியா நம் நெல்லைச் சீமைக்காரர். 1874-இல் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், கிராமத்துக் குருவானவரின் மகனாய்ப் பிறந்தார். 1903-இல் நெல்லையின் இந்திய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், ஐரோப்பிய மிஷனரிமாரும் இந்திய ஊழியரும் ஒரே பணியில் இருந்தும் நட்பில்லாமல் இருக்கின்றனர்; எவ்வளவோ தியாகம் செய்து வந்தவர்கள் நட்பைத் தர மறந்தனர் என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். கேட்டவர் பலர் அதிர்ந்தனர், சிலர் சினந்தனர். அவர் சொன்னதில் வசை இல்லை, வேண்டுகோள் இருந்தது. இரண்டாண்டு கழித்து, 1912 டிசம்பரில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல்லுக்கு அபிஷேகம் பெற்றார். தாழ்மையுள்ளவர் பேசாதிருப்பவர் அல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. விசாரணையில் தம்மைக் கன்னத்தில் அறைந்த காவலனை நோக்கி, ஏன் அடித்தாய் என்று இயேசு பெருமானே காரணம் கேட்டார் என்பதையும் யோவான் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொருவரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து மலையோரமாகவே தெற்கு நோக்கிச் சென்றால் களக்காட்டுக்கு அப்பால் டோனாவூர் என்னும் ஊர் வரும். ஏமி கார்மைக்கேல் அம்மையார் வாழ்ந்த இடம். 1867-இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்து, 1895-இல் இந்தியா வந்து, 1901 முதல் டோனாவூரைத் தம் ஊராக்கிக் கொண்டு, தாயகம் திரும்பாமலே 1951 சனவரியில் அங்கேயே மறைந்தவர். கோவிலுக்கு ஒப்படைக்கப்பட்ட பெண் குழந்தைகளுக்கு அடைக்கலம் தந்தவர் என்பதைப் பலரும் அறிவர். நான் எடுத்துக் கொள்வது அந்தப் பெருஞ்செயலை அன்று, அவருடைய எரிச்சல்களை.

அவர் இளம் பெண்ணாக பெல்பாஸ்டு நகரில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலிலிருந்து தம் உடன்பிறந்தாரோடு திரும்பிக் கொண்டிருந்தார். கந்தை உடுத்த ஒரு மூதாட்டி பெரும் மூட்டையைச் சுமந்து தள்ளாடி வந்தாள். பிள்ளைகள் மூட்டையை வாங்கிக் கொண்டு அவளைக் கைபிடித்து நடத்தினர். நற்செயலே. ஆனால் எதிரே கோவிலிலிருந்து வரும் மதிப்புக்குரிய மக்கள் இதைப் பார்க்கிறார்களே என்று முகம் சிவந்து போயிற்று என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். சிவந்தது உதவி செய்ய மனமில்லாததால் அன்று. பார்க்கிறார்களே என்னும் நாணத்தால். நம்மில் பலருக்கு நேர்வது இதுவே. எரிச்சலில் பாதி சுமையினால் வருவதில்லை. நாலு பேர் முன்னிலையில் நம் மதிப்பு என்னாவது என்னும் கணக்கினால் வருகிறது. கடை வரிசையில் காத்திருக்க என்னால் முடியும். ‘தலைமையாசிரியரையே காக்க வைத்து விட்டான்’ என்னும் எண்ணம் புகுந்த பின்தான் முடிவதில்லை.

டோனாவூரில் 1904 முதல் கைக்குழந்தைகளும் வந்து சேர்ந்தனர். ஊர் ஊராய்ச் சென்று நற்செய்தி கூற வந்தவர், பால் புகட்டவும் நகம் வெட்டவும் இரவெல்லாம் அழும் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கவும் நேர்ந்தது. இதற்காகவா கடல் கடந்து வந்தோம், வெறும் செவிலியராய் இருக்கவா என்னும் கேள்வி அவருக்கும் உடனிருந்தோருக்கும் எழாமல் இல்லை. ஆண்டவர் துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டு சீடர் கால்களைக் கழுவிய வரலாற்றைப் படித்த பின் அந்தக் கேள்வி ஓய்ந்தது என்று எழுதுகிறார். ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று நாம் வாசிக்கும் பகுதிதான் அது. நகவெட்டியோடு சேர்த்து அதனைப் படித்தவர் அவர்.

1931 அக்டோபரில், களக்காட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றவர், அந்தி இருளில், எதிர்பாராத இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அதன் பின் வாழ்ந்த ஏறத்தாழ இருபது ஆண்டும் பெரும்பாலும் படுக்கையிலும் அறையிலுமே கழிந்தன. யாரோ ஒருவர் தவறான இடத்தில் தோண்டிய குழி! இதைவிட எரிச்சலூட்டும் காரணம் ஒருவருக்கு வாய்க்க முடியுமா? அக்காலத்தில், நோயாளிகளுக்கென நலமுள்ளவர்கள் எழுதிய ஆறுதல் நூல்கள் அவருக்கு வந்து கொண்டிருந்தன. அவை தமக்கு உதவவில்லை, சில வேளை உறுத்தவும் செய்தன என்று ஒளிவின்றிச் சொல்லி, நோயாளி நோயாளிக்கு எழுதும் நூலாக 1933-இல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்பதை வெளியிட்டார். எனக்கு அவர்பால் மதிப்பு மிகுந்தது இதனால்தான். ஆறுதல் சொல்ல வருகிறவர்களாலும் எரிச்சல் உண்டாகும் என்பதை ஒரு புனிதவதி ஒப்புக் கொண்டிருக்கிறாரே!

1938-இல் வெளியானது ‘இஃப்’ என்னும் மிகச் சிறிய நூல். உடன் பணியாற்றிய ஒருவர், அன்பின் வழியைத் தவறவிட்ட இளையவர் ஒருவரைப் பற்றி ஒரு மாலை வந்து முறையிட்டார். அன்றிரவு அம்மையாருக்கு உறக்கம் இல்லை. இளையவரை எப்படித் திருத்துவது என்று எண்ணத் தொடங்கியவர், தாமே எங்கே தவறினோம் என்று எண்ணலானார்; அதிலிருந்து பிறந்தது நூல். பக்கத்துக்கு ஓரிரு வரி. ஒவ்வொன்றும் இன்னது செய்தேனாகில் கல்வாரி அன்பை நான் அறியேன் என்னும் பொருளில் முடியும். பிறர் குறையை அலட்சியமாய்ப் பேசுவது, தவறாய்ப் புரிந்து கொள்ளப்பட்டால் கொதிப்பது என்று எல்லாம் அன்றாடச் சிறுமைகளே. ஒன்று சொல்ல விரும்புகிறேன். இந்நூலை எல்லாருக்கும் கொடுக்க நான் துணிய மாட்டேன். ஏற்கெனவே தம்மையே குறைகூறிக் கொண்டிருக்கும் மெல்லிய மனத்தினர் இதைப் படித்தால் மேலும் நொறுங்கிப் போவர். எனக்கு ஏற்ற நூல் அது. தலைமையாசிரியர் அறைகளில் தொங்கவிடத் தக்கது.

நேயர்களே, இதுவரை நூல்களையும் பெரியோரையும் பற்றிப் பேசினேன். பேச்சு எளிது. இனி என் வீட்டுக்கு வாருங்கள்.

என் துணைவியாருக்கு மூன்று ஆண்டுகளாக மறதி நோய். மூளையில் புதிய நினைவைப் பதிய வைக்கும் பகுதி முதலில் பழுதுபடுவதால், அறுபது ஆண்டுக்கு முந்தைய பள்ளிப் பாட்டு நினைவில் நிற்கும். ஆறு நிமிடத்துக்கு முன் கேட்டது நிற்காது. இதை மருத்துவர் படம் வரைந்தே விளக்கினார். நானும் நன்றாய்ப் புரிந்து கொண்டு தலையசைத்தேன். தேர்வில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் பெற்றிருப்பேன்.

சாரல் பருவம் வந்தது. முன்னே சொன்னேனே, வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் பருவம். வாழ்நாளெல்லாம் கொடித்துணியைக் காத்த பழக்கம் அவருள் எங்கோ ஆழத்தில் நிற்கிறது. “ஏங்க, துணிய எடுத்தாச்சா?” என்று கேட்பார். எடுத்தாயிற்று என்பேன். நான்கு நிமிடம் கழித்து, “ஏங்க, துணிய எடுத்தாச்சா?” இப்படி ஒரு முற்பகலில் முப்பது முறை, நாற்பது முறை.

நான் பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்றபோது, வினா எழுப்பிய பின் வாய் மூடிக் காத்திரு, பிள்ளைக்கு நேரம் கொடு என்று எங்கள் விரிவுரையாளர் கற்பித்தார். 1970-களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்னும் அம்மையார் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் வினாவுக்குப் பின் பெரும்பாலும் ஒரு நொடியே காத்திருக்கின்றனர், மூன்று நொடி காத்தாலே பிள்ளைகளின் விடைகள் நீண்டு தெளிவு பெறுகின்றன என்று கண்டறிந்ததைப் பின்னர்ப் படித்து மகிழ்ந்தேன். ஆண்டுதோறும் நாற்பது பிள்ளைகள், அதே பின்னக் கணக்கில் அதே ஐயம்; சலிப்பின்றி விளக்கியவன் நான். அது என் தொழில், அதற்குச் சம்பளம் இருந்தது, மரியாதையும் இருந்தது. அது முதல் மைல். அதை நான் தாழ்மை என்று எண்ணிக் கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு ஆடியில் ஒரு பிற்பகல். வங்கியில் இரண்டு மணி நேரம் நின்று வேலை முடியாமல் திரும்பியிருந்தேன். வந்து அமர்ந்ததிலிருந்து அதே கேள்வி. பதினெட்டு வரை எண்ணினேன், எண்ணியதே தவறு. எண்ணுகிறவன் கணக்குத் தீர்க்கத்தான் எண்ணுகிறான். பத்தொன்பதாவது முறை கேட்டபோது, பம்பரப் பையனை அழைத்த அந்தக் குரலில், “எத்தனை தடவை சொல்வது?” என்று கத்தி விட்டேன். தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். சற்று நேரத்தில் மறந்திருப்பார் என்று நான் என்னைத் தேற்றிக் கொண்டேன்; அதில் ஒரு கள்ளத்தனமான நிம்மதியும் இருந்தது. அரைமணி கழித்துக் காப்பி கொண்டு போனேன். நான் என்ன சொன்னேன் என்பது அவருக்கு நினைவில்லை என்பது தெளிவாய்த் தெரிந்தது. ஆனால் நான் குவளையை நீட்டக் கை தூக்கியதும் தோளைச் சுருக்கிப் பின்வாங்கினார். அந்தப் பார்வையை நான் அறிவேன். கடைசி வரிசைப் பலகையில் பல ஆண்டு பார்த்திருக்கிறேன். அதற்கு ஒழுக்கம் என்று பெயரிட்டிருந்தேன்.

மாலையில் பக்கத்து வீட்டு அம்மையார் வந்தார். இசுலாமியர்; எங்களுக்கு இருபது ஆண்டுப் பழக்கம். அவரிடம் என் துணைவியார் தாழ்ந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது: “வீட்டுல யாரோ கோவமா இருக்காங்க. யாருன்னு தெரியல.”

இதைப் பற்றிப் பின்னர்த் தேடிப் படித்தேன். 2014-இல் அமெரிக்க நாட்டு அயோவா பல்கலைக்கழகத்தார் மறதி நோயாளருக்குத் துயரப் படக்காட்சிகளையும் மகிழ்ச்சிப் படக்காட்சிகளையும் காட்டினர். சிறிது நேரத்தில் பார்த்த காட்சிகள் பெரும்பாலும் மறந்து போயின. காட்சி எழுப்பிய துயரமோ மகிழ்ச்சியோ மறையவில்லை. காரணம் மறந்த பின்னும் உணர்ச்சி நின்றது. அதாவது, என் சொல் அழிந்து விட்டது, அது ஏற்படுத்திய அச்சம் மட்டும் காரணம் தெரியாமல் அவரிடம் எஞ்சியிருந்தது. நலமுள்ள ஒருவருக்குக் காரணம் தெரியும். அதைப் பற்றி நம்மோடு வாதாடலாம், நம்மை மன்னிக்கலாம். அவருக்கு அந்த வழியும் இல்லை.

அந்த அம்மையார் அன்று மாலை கீரை ஆய்ந்து கொண்டே எங்கள் திண்ணையில் அமர்ந்திருந்தார். கேள்வி வந்து கொண்டிருந்தது. “எடுத்தாச்சுக்கா, மடிச்சு வச்சாச்சு.” மீண்டும் கேள்வி. “எடுத்தாச்சுக்கா. உங்க நீலச் சேலை நல்லாக் காஞ்சிருக்கு.” மீண்டும். “எடுத்தாச்சுக்கா, மழைக்கு முந்தியே.” ஒவ்வொரு முறையும் முகத்தைப் பார்த்து, முதல் முறை கேட்பது போல. கேட்பவருக்கு அது முதல் முறையே அன்றோ! மருத்துவர் படம் வரைந்து எனக்கு விளக்கியதை அவர் படமின்றியே அறிந்திருந்தார். மலைப்பிரசங்கத்தை நாற்பது ஆண்டு ஞாயிறு பள்ளியில் கற்பித்த நான் தூணில் சாய்ந்து கேட்டுக் கொண்டிருந்தேன்.

அன்றிரவு மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்புக் கேட்பதில் பொதுவாக ஒரு சிறு இலாபம் உண்டு. பெருந்தன்மையுள்ளவர் என்று எதிரே இருப்பவர் எண்ணுவார், பழைய கணக்கும் தீரும். இங்கே அதுவும் கிட்டவில்லை. “எதுக்குங்க?” என்று கேட்டார். சொன்னேன். “நீங்க ஏன் என்னத் திட்டப் போறீங்க?” என்று சிரித்தார். விளக்கை அணைப்பதற்குள் அது மறந்து போயிற்று.

அதன் பின் சினமே வரவில்லை என்று சொன்னால் பொய்யாகும். மூன்று முறை வந்தது. மூன்று நாளும் எனக்கு நினைவிருக்கிறது. ஒருவருக்காவது நினைவிருக்கட்டும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். எண்ணுவதை விட்டு விட்டேன். விடை சொல்லும்போது எழுந்து அவர் பக்கம் போய்ச் சொல்கிறேன். இருந்த இடத்திலிருந்து சொன்னால் குரல் தானே உயர்ந்து விடுகிறது. அண்டை வீட்டு அம்மையாரிடம் கற்றபடி விடையை ஒவ்வொரு முறையும் சற்றே மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நாள் களைத்துப் போய், கேள்வி வந்ததும் விடை சொல்லாமல் அவரையும் கைபிடித்துக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்றேன். கொடி வெறுமையாக இருந்தது. மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. அவர் கொடியைத் தொட்டுப் பார்த்தார், நீர்த்துளிகள் உதிர்ந்தன. ஒரு மணி நேரம் போலக் கேள்வி எழவில்லை.

இப்பேச்சை எழுதிக் கொண்டிருக்கையிலும் இரண்டு முறை எழுந்து போய் வந்தேன்.